இடக்காலில் நின்ற விநாடிகள்

12 ஆகஸ்ட் 2024

இடுப்பு மூட்டை மாற்றி இன்றோடு ஆறு மாதம். குளியலறைக் கண்ணாடி முன்னால் இடக்காலில் மட்டும் நின்று பார்த்தேன். மூன்று விநாடி. அதற்குள் வலப்பக்க இடுப்பு, கொடியிலிருந்து நழுவும் ஈரத்துணி மாதிரி, இறங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன். பிறவியிலேயே குழியை விட்டு விலகிக் கிடந்த எலும்பு இப்போது ஒரு உலோகக் கிண்ணத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. மூன்றரை சென்டிமீட்டர் குட்டையாக இருந்த கால் மற்றதற்குச் சமமாகிவிட்டது. நானே டேப் வைத்து மூன்று முறை அளந்தேன். பூனாவில், சிஞ்ச்வட் தொழிற்சாலை ஒன்றில் இருபத்துநான்கு வருடமாக, மற்றவர்கள் செய்த இரும்புப் பாகங்களை அளந்து நிராகரிப்பதுதான் என் உத்தியோகம். இதை நிராகரிக்க முடியவில்லை.

ஆனால் நடந்தால் அதே பழைய நொண்டி. எலும்பு இடம் மாறிவிட்டது. அதைத் தாங்க வேண்டிய தசைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு புதிய எதிரி. என் சொந்தப் பிட்டம்.

14 ஆகஸ்ட்

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று அல்ல. இந்த வீட்டில் வேறு யாருக்கும் தமிழ் படிக்க வராது. மனைவி கரோலின் இங்கேயே பூனா கேம்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள், பேசுவாள், படிக்கமாட்டாள். மகள் டானியாவுக்குத் தமிழ் என்றால் பாட்டியிடம் திட்டு வாங்கும் மொழி. பாளையங்கோட்டை விடுதியில் ஐந்து வருடம் கிடந்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே சொத்து இந்தப் பூட்டு.

22 ஆகஸ்ட்

ஔந்தில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிசியோதெரபி கிளினிக். அங்கே அகல்யா என்று ஒரு பெண். கோயம்புத்தூர்க்காரி, கணவனுக்கு இங்கே சாஃப்ட்வேர் வேலை. படிவத்தில் என் பெயரைப் பார்த்ததும் குதித்தாள்.

“அட, ஜெயசீலன்! தமிழாங்க சார்? சொல்லவேயில்லீங்களே!”

இதில் சொல்ல என்ன இருக்கிறது? ரத்த வகையா?

வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து இடக்காலைத் தூக்கச் சொன்னாள். நான்கு தரம் தூக்கினேன். ஐந்தாவது முறை கால் என்னுடையதே அல்ல என்பது போல் கிடந்தது. இடுப்பெலும்புக்குக் கீழே பக்கவாட்டில் விரலால் அழுத்தினாள்.

“இங்கதானுங்க சார் ஆளு தூங்கறாரு. எலும்பு மேல ஏறிக் கெடந்ததால இவருக்கு இத்தன வருசமா வேலையே இல்ல. இளைச்சுப் போயிட்டாரு. ஒரு நாள் சத்தம் போட்டா எந்திரிக்க மாட்டாரு. தெனமும் தட்டோணும்.”

“எத்தனை நாள்?”

“ரெண்டு வருசம் வெச்சுக்கோங்க. முழுசா வருமான்னு கேக்காதீங்க.”

நான் அதைத்தான் கேட்க இருந்தேன். நடந்து காட்டச் சொன்னாள். “ஒடம்ப எடப்பக்கம் சாய்ச்சு ஏமாத்தறீங்க சார்” என்றாள். ஏமாற்றவில்லை, வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நடந்தேன் என்றேன்.

“அதத்தானுங்க சொல்றேன்.”

1 செப்டம்பர்

கோயிலில் ஆர்தர் அங்கிள் பிடித்துக்கொண்டார். எங்கள் சபையில் நாற்பது வருடமாகக் கல்யாணம் தவிர மற்ற எல்லாவற்றையும் நடத்திவைப்பவர். “கால் சரியாயிடுச்சாமே தம்பி? கர்த்தர் பெரியவர்!” டாக்டர் ஐந்து மணி நேரம் நின்றுகொண்டு அறுத்தார், பெயர் கர்த்தருக்குப் போகிறது.

இந்த ஆர்தர் அங்கிளிடம் எனக்குப் பதின்மூன்று வருடப் பாக்கி இருக்கிறது. 2011இல் அப்பா இறந்தார். எங்களில் பெட்டியை மகன்களும் நெருங்கிய ஆண்களும் தோளில் எடுப்பது வழக்கம் — வீட்டிலிருந்து வண்டி வரை, பிறகு கல்லறைத் தோட்ட வாசலிலிருந்து குழி வரை. ஆறு பேரையும் உயரம் பார்த்து இணை சேர்ப்பது ஆர்தர் அங்கிளின் கலை. நான் மூத்த மகன். கோட்டைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். என் மார்பில் கையை வைத்தார். “நீ மலர்வளையத்த எடுத்துக்கோப்பா, ஜெயசீலா. பெட்டி ஆடும்.”

பெட்டி ஆடும். தம்பி கிளைவ் வேலை பார்க்கும் ஹோட்டலின் வரவேற்பு மேஜை ஆள் என் இடத்தில் நின்றான். அப்பாவை உயிரோடு பார்த்தறியாத ஒரு பஞ்சாபி. அம்மா பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே எழுதிவைக்கிறேன். வலிக்காக நான் அறுத்துக்கொள்ளவில்லை. வலி பழகிப்போன ஒன்று. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, இதயமும் சரியில்லை. அவள் பெட்டியை நான் தூக்குவேன். அது ஆடாது. பாசத்தினால் இல்லை. ஆர்தர் அங்கிள் பார்க்க வேண்டும், அதற்காக.

15 செப்டம்பர்

கோர்பாடி. அம்மா இன்னும் அந்தப் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறாள். லிஃப்ட் கிடையாது. நானும் கூப்பிட்டாயிற்று, விமான் நகரில் கிளைவும் கூப்பிட்டாயிற்று, வரமாட்டாள். முப்பத்துநான்கு படி. ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் வை என்கிறாள் அகல்யா. வைத்தேன். வியர்த்துவிட்டது.

“என்னல, புதுக் காலு, பழைய நடையில்லா நடக்க?” என்றாள் அம்மா, கதவைத் திறந்ததும்.

இவள் இதைச் சொல்லலாமா? யாருக்கும் உரிமை உண்டு, இவளுக்குக் கிடையாது. 1978இல், எனக்கு மூன்று வயதில், இதே ஊரில் ஒரு மருத்துவமனையில் அறுத்து எலும்பைக் குழியில் வைத்து, மார்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். பன்னிரண்டு வாரம் இருக்க வேண்டிய கட்டு. ஒன்பதாவது வாரம் அம்மா அப்பாவின் தகரம் வெட்டும் கத்தரியால் அதை வெட்டி எறிந்தாள். அந்த வாரம் சித்திக்குக் கிர்க்கியில் கல்யாணம். நான் குட்டிக் கோட்டும் போ டையும் போட்டு நாற்காலி மேல் நிற்கும் போட்டோ அம்மாவின் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. எலும்பு மறுபடி விலகிவிட்டது. பிறகு அப்பாவுக்கு அறுவை என்றாலே பயம், அவ்வளவுதான். எனக்குப் பன்னிரண்டு வயதில் சித்தியே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. “ஒங்கம்மாக்கு ஒன்ன போட்டோல நிக்கவச்சே ஆகணும்னு!”

ஒரு போட்டோவுக்காக ஒரு கால். இதை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் மறுத்ததில்லை.

3 அக்டோபர்

ஐந்து விநாடி.

21 அக்டோபர்

ஐந்து விநாடி. ரப்பர் பட்டையை முழங்கால்களில் மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி ஹாலில் பக்கவாட்டில் நடக்கிறேன். டானியா வீடியோ எடுத்தாள். அழித்துவிட்டதாகச் சொல்கிறாள்.

18 நவம்பர்

ஸ்கேன். அறுவைக்கு முன் எடுத்ததையும் இன்றையதையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலப்பக்கத் தசை தடித்து, சாம்பல் நிறத்தில் வழவழவென்று. இடப்பக்கம் அதில் பாதி; உள்ளே கறுப்புக் கோடுகள். கோடெல்லாம் கொழுப்பாம். கேம்ப்பில் பன்றிக்கறிக் கடையில் இப்படி ஒரு துண்டைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஆனால் முன்பைவிட அகலம் கூடியிருக்கிறதாம். பதினொரு சதவீதம். எலும்பு கீழே இறங்கியதால் தசை இழுபட்டு, தன் பழைய நீளத்துக்கு வந்து, வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்றார். கோடுகள் முழுக்கப் போகாது, தசை தடிக்கும். “பொறுமை” என்றார். என் தொழிற்சாலையில் பாதி சைஸில் ஒரு பாகத்தை அனுப்பிவிட்டுப் பொறுமை என்று சொல்லிப் பார்க்கட்டும்.

கிளினிக்கில் அகல்யாவிடம் பதினொரு சதவீதம் என்றேன். கை தட்டினாள். இன்னும் ஐந்து விநாடிதான் நிற்கிறேன், அதற்கு யாராவது கை தட்டுவார்களா என்றேன்.

“சார், மொதல்ல மூணுங்க.”

25 டிசம்பர்

அம்மா வீட்டில் எல்லோரும். கிளைவ் ஹோட்டலிலிருந்து ஒரு முழு வான்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான், வீட்டில் யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தும். “அண்ணே, நடையே மாறிடுச்சு, ஏக்தம் ஹீரோ!” என்றான். அவன் பொய் சொல்லும்போது இந்தியில் சொல்வான்.

சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் பால்கனியில் இருந்தார்கள். அந்தப் போட்டோவுக்குக் கீழே அம்மாவும் நானும் மட்டும். மூச்சு வாங்குகிறது அவளுக்கு, கால் வீங்கியிருக்கிறது.

“ஒண்ணு கேக்கட்டுமால? என்னைத் தூக்கத்தான காலை வெட்டிக்கிட்ட?”

நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டைத் தவிர. இவளுக்கு எப்படி?

“ஒங்கப்பா அடக்கத்தன்னைக்கு ஒன் மூஞ்சியப் பாத்தேன்” என்றாள். “அதுக்கப்புறம் ஒனக்கு என் சாவுதான் திருநாளு. தெரியும்.”

கோபம் வந்துவிட்டது. அன்னைக்கு ஏன் வாயத் தொறக்கல நீ? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆர்தர் அங்கிள் விட்டிருப்பார்ல? எல்லாத்துக்கும் காரணம் நீதானே, ஒரு போட்டோவுக்கு என் காலையே வெட்டி எறிஞ்சவ — எல்லாம் சொன்னேன். கிறிஸ்துமஸ் அன்று. நல்ல மகன்.

அவள் எழுந்துபோய்க் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் உறையை இழுத்தாள். உள்ளே ஒரு எக்ஸ்ரே, ஓரமெல்லாம் மஞ்சளடித்து.

“கட்டுக்குள்ள எறும்பு போச்சுல. நீ கத்துன கத்து ஒனக்கு ஞாபகம் இருக்காது. உள்ள புண்ணு, நாத்தம். ஆஸ்பத்திரில இன்னும் மூணு வாரம்னு தொரத்திட்டாங்க. நாந்தான் வெட்டுனேன். கல்யாணமும் வந்துச்சு. ரெண்டும்தான். பொய் சொல்ல மாட்டேன்.” மூச்சு விட்டுக்கொண்டாள். “கட்டுப் போட்டு ரெண்டு வாரத்துல எடுத்த படம் இது. ஒன் டாக்டர்ட்ட காட்டு. நான் வெட்டாம இருந்திருந்தா நின்னிருக்குமான்னு கேளு. இத்தன வருசமா யார்ட்டயும் கேக்கல, பயம். இப்ப கேளு.”

வாங்கிக்கொண்டேன். தீர்ப்பு என் கையில். கசந்தது என்று சொன்னால் பொய்; இனித்தது.

9 ஜனவரி 2025

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி நான்கு விநாடிகூடப் பார்க்கவில்லை.

“இது ஏற்கெனவே வெளியே இருக்கிறதே” என்றார்.

எது?

பேனா முனையால் காட்டினார். மாவுக்கட்டின் வெளிக்கோடு மங்கலாகத் தெரிகிறது. அதற்குள்ளே தொடை எலும்பின் தலை குழியில் இல்லை. மேலே ஏறிக் கிடக்கிறது. மூலையில் தேதி, 1978 ஏப்ரல். அறுவை முடிந்து பதினைந்தாம் நாள். கட்டு போட்ட சில நாளிலேயே நழுவியிருக்கும் என்றார். யாரோ பார்க்கத் தவறிவிட்டார்கள், அல்லது பார்த்தும் வெளியே சொல்லவில்லை.

அப்படியென்றால் கட்டை வெட்டியது?

“அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் மூன்று வாரம் கிடந்திருந்தால் தசை மேலும் கரைந்திருக்கும். ஒருவகையில் உங்கள் தாயார் நல்லதுதான் செய்தார்.”

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். காரில் உட்கார்ந்தேன்.

நல்லதுதான் செய்தார்!

10 ஜனவரி

பன்னிரண்டு வயதிலிருந்து முப்பத்தேழு வருடம் ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். அவளும் இறங்காமல் நின்றாள். தான்தான் செய்தோம் என்று நம்பிக்கொண்டு. நிரபராதி என்று நிரூபிக்கும் படம் அவள் கட்டிலுக்கடியிலேயே கிடந்திருக்கிறது; அவளுக்குப் படிக்கத் தெரியாது, எனக்கு அது இருப்பதே தெரியாது.

இப்போது நான் என்ன செய்ய? என்னிடமிருந்ததே அது ஒன்றுதான். கிளைவுக்கு நல்ல கால், நல்ல பெயர், வெள்ளைக்காரப் பெயர், எல்லோரும் விரும்பும் சிரிப்பு. எனக்கு ஒரு நியாயம் இருந்தது. அதையும் நான்கு விநாடியில் பிடுங்கிவிட்டார், பேனா முனையால்.

19 ஜனவரி

அம்மா வீட்டுக்குப் போனேன். கேட்டாள், “டாக்டர் என்ன சொன்னாரு?”

“இன்னும் காட்டல. ஊர்ல இல்ல அவர்.”

ஏன் அப்படிச் சொன்னேன்?

16 பிப்ரவரி

ஏழு விநாடி. ஓராண்டு முடிந்தது. கிளினிக் பெண்கள் ஒரு சின்ன கேக் வாங்கி வைத்திருந்தார்கள், இடுப்புக்குப் பிறந்தநாள் என்று. இந்த ஊரில் எதற்கும் கேக்.

அம்மா கேட்டாள். டாக்டர் பிஸி என்றேன். தலையை ஆட்டினாள். நான் சொல்லாததையே அவள் பதிலாக எடுத்துக்கொள்கிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. குற்றம் உறுதி, மகன் இரக்கப்பட்டு மறைக்கிறான்! என்னைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாக நல்லதாக ஒன்று நினைக்கிறாள். அதுவும் தவறு.

9 மார்ச்

அம்மா இப்போதெல்லாம் கேட்பதில்லை.

30 மார்ச்

கிளைவ் போன் செய்தான். அம்மாவின் இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறதாம். “அண்ணே, நாம ரெடியா இருக்கணும்ணே” என்றான், அழுதுகொண்டே.

நான் ரெடிதான். அதற்குத்தான் தினமும் தொண்ணூறு தடவை காலைத் தூக்குகிறேன். ஒருவர் சாவதற்கு இவ்வளவு உழைத்துத் தயாரானவன் பூனாவில் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆனால் டாக்டர் சொன்னதைச் சொல்லாமல் அவளை மண்ணில் வைத்துவிட்டால்? பெட்டி ஆடாமல் போகும், சரி. உள்ளே இருப்பவள் என் பொய்யோடு போவாள். ஆர்தர் அங்கிள் பார்ப்பார். என்னத்தைப் பார்ப்பார்?

நாளை சொல்லிவிட வேண்டும்.

31 மார்ச்

சொல்லவில்லை.

20 ஏப்ரல்

ஈஸ்டர். ஒன்பது விநாடி. அகல்யா என் பின்னால் நின்று இடுப்பெலும்பு இரண்டிலும் கை வைத்துப் பார்த்தாள்.

“மட்டமா நிக்குதுங்க சார், ஒம்பது வரைக்கும். அதுக்கப்புறமேட்டுக்குத்தான் எறங்குது. யாருக்காக இவ்வளவு கஷ்டப்படறீங்க? வேற யாரும் இந்த வயசுல இப்படிச் செய்யறதில்லீங்.”

எனக்காக என்றேன். இன்னொரு பொய். கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன்.

18 மே

அம்மாவால் தட்டை எடுத்து மேஜையில் வைக்க முடியவில்லை. கிளைவ் ஆள் வைத்திருக்கிறான், பகலுக்கு. அவளையும் திட்டுகிறாள். கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாயில் இருந்தது. “மழை வரும் போலிருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோழை. வேறு பெயர் இல்லை இதற்கு. சபையில், ஆஃபீஸில், சொசைட்டியில் இத்தனை பேரை முட்டாள் என்று தள்ளி வைத்திருக்கிறேனே — இவர்களில் ஒருவன்கூட இதைச் செய்திருக்கமாட்டான். அந்த வான்கோழிக்காரன் அதே நிமிடத்தில் போன் செய்து சொல்லியிருப்பான். அழுதிருப்பான். முடிந்திருக்கும்.

1 ஜூன்

வரிசையாக எழுதுகிறேன்.

காலை கோயிலிலிருந்து திரும்பும்போது போன். வேலைக்காரப் பெண். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. நான் போவதற்குள் கிளைவ் வந்திருந்தான். ஆம்புலன்ஸ் வாசலில். ஆட்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை முதல் மாடித் திருப்பம் வரை கொண்டுவந்துவிட்டு நிற்கிறார்கள். திரும்பவில்லை. படிக்கட்டு குறுகல், ஸ்ட்ரெச்சர் நீளம். அளக்காமல் கொண்டுவருவார்கள், எல்லாவற்றையும்.

“குர்சி லாவோ!” என்றான் ஒருவன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் இடுப்பைச் சேர்த்துக் கட்டினோம். ஆக்சிஜன் சிலிண்டரை ஒருவன் எடுத்துக்கொண்டான். இன்னொருவனுக்குத் தோள்பட்டையில் கட்டு. ஆக நானும் கிளைவும்தான்.

“அண்ணே, நீ வேணாம், பக்கத்து வீட்டு ஆளக் கூப்பிடுறேன்” என்றான் கிளைவ். “பத்துக் கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு ஒனக்கு டாக்டர் —”

“புடிடா.”

அவன் கீழே, பின்னோக்கி இறங்க. நான் மேலே, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு. அம்மாவின் தலை என் வயிற்றுக்கு நேராக. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. மெலிந்த நரைமுடி மட்டும்.

“என்னல,” மூச்சுக்கு நடுவில் கேட்டாள், “ஒத்திகையா?”

கிளைவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஒவ்வொரு படியிலும் வலது காலைக் கீழே வைக்கும்வரை முழுப் பாரமும் இடது காலில். என் எடை, அதோடு அவளுடையதில் பாதி. இருபது கிலோவுக்கு மேல். தசை எரிந்தது — அங்கேதான், அகல்யா விரல் வைத்த இடத்தில். ஆனால் இடுப்பு இறங்கவில்லை. நாற்காலி ஆடவில்லை. பதினேழு படி. அதைப் பார்க்க ஆர்தர் அங்கிள் அங்கே இல்லை. அவர் ஞாபகமே எனக்கு இப்போது எழுதும்போதுதான் வருகிறது.

முதல் மாடித் திருப்பத்தில் கிளைவ் இறக்கச் சொன்னான், அவனுக்கு மூச்சு வாங்கியது. நான் பிடியை விடவில்லை. அம்மா மூச்சு விடும் சத்தம் — ரம்பம் அறுப்பது மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவாளா என்று — எனக்கு —

சொல்லிட்டேன். அவ உச்சந்தலையப் பாத்துகிட்டே. “அம்மா, அந்தப் படம். கட்டுக்குள்ளயே வெலகிடுச்சாம். ரெண்டாவது வாரமே. நீ வெட்டுனதால இல்ல. நீ வெட்டுனது நல்லதுன்னு சொன்னார் டாக்டர்.”

கிளைவ் நிமிர்ந்து பார்த்தான். அம்மா அசையவில்லை. நாலைந்து மூச்சு.

“எப்பச் சொன்னாரு?”

“ஜனவரில.”

“இப்ப?”

“ஜூன்.”

மறுபடி மூச்சு. பிறகு அவள் வலது கை, போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, நாற்காலிக் கையை இரண்டு தட்டு தட்டியது, பஸ் கண்டக்டர் மாதிரி.

“எறக்குல.”

மிச்சம் பதினேழு படி.

2 ஜூன்

ஐ.சி.யூ. நுரையீரலில் நீர். இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க ஒருவரைத்தான் விடுகிறார்கள். கிளைவை வரச் சொல்கிறாள்.

4 ஜூன்

கிளைவைத்தான் கூப்பிடுகிறாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். என்னைப் பார்த்தாள். திரும்பிப் படுத்தாள்.

அகல்யாவிடம் நடந்ததைச் சொன்னதும் என்னைப் படுக்கவைத்து மூட்டை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் கத்தினாள். “உங்களுக்கு அறிவிருக்குதாங்க சார்? மூட்டு நழுவியிருந்தா?” பிறகு, கொஞ்சம் கழித்து, “ஆடலையா? நெசமாவா?”

11 ஜூன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிழைத்துவிட்டாள். பத்து நாளாக என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கரோலினிடம் பேசுகிறாள், டானியாவிடம் பேசுகிறாள், ஊசி போட வரும் மலையாளி நர்ஸிடம் கேரளத்து மழையைப் பற்றிப் பேசுகிறாள். நான் உள்ளே போனால் கண்ணை மூடிக்கொள்கிறாள். கைதேர்ந்த வேலை. யாரிடமிருந்து எனக்கு இது வந்தது என்று இப்போது தெரிகிறது.

வராந்தாவில் கிளைவ் சொன்னான்: “அம்மா என்ன சொல்றாங்க தெரியுமாண்ணே? ‘நான் வெட்டுனதாலதான் கால் போச்சுன்னு நெனச்சது என் தப்பு. அத அவன் நம்புனதும் சரி. தெரிஞ்சப்புறம் அஞ்சு மாசம் என்னை வேகவிட்டான் பாரு, அதுக்குத்தான்’னு.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்ன சொல்ல? சரிதான்னு சொன்னேன்.”

முதல் தடவையாகத் தம்பி என்னைப் பற்றி உண்மை பேசியிருக்கிறான். தமிழிலேயே.

22 ஜூன்

டிஸ்சார்ஜ். எங்கள் இருவர் வீட்டுக்கும் வரமாட்டாள். கோர்பாடிதான். மேலே ஏற்ற வேண்டும். கிளைவ் ஹோட்டலிலிருந்து நான்கு ஆட்களைக் கூட்டி வந்திருந்தான், சீருடையோடு. அவர்களைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “எறக்குனவனுங்களே ஏத்தட்டும்.”

ஏறுவது இறங்குவதைவிடக் கஷ்டம். எட்டாவது படியில் இடுப்பு ஒரு தடவை இறங்கியது. நாற்காலி ஆடியது. நின்று, மூச்சு விட்டு, ஏறினோம்.

6 ஜூலை

கிளைவ் போன் செய்தான். “அண்ணே, அம்மா ஒன்ன வரச் சொன்னாங்க. அந்த நிக்கறதச் செஞ்சு காட்டணுமாம்.”

“எது?”

“ஒத்தக் காலுல நிப்பியாமே? டானியா சொல்லியிருக்கா.”

போனேன். கட்டிலில் மூன்று தலையணைக்குச் சாய்ந்திருந்தாள். வா என்றுகூடச் சொல்லவில்லை. அலமாரிக்கு முன்னால் இடத்தைக் கையால் காட்டினாள். செருப்பைக் கழற்றி நின்றேன், ஐம்பது வயதுக்காரன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. வலது காலைத் தூக்கினேன்.

அவள் எண்ணினாள். என் கண்ணைப் பார்க்கவில்லை; இடுப்பையே பார்த்தாள். அவள் மூச்சுக்கு ஏற்றபடி எண், அதனால் விநாடிகள் நீளம்.

“ஒண்ணு... ரெண்டு...”

ஏழில் எரியத் தொடங்கியது. பத்தில் தொடை நடுங்கியது. பதினொன்று.

“சாயுத.”

“சாயல.”

“நான் பாக்கேன்லா? சாயுத. நேரா நில்லு.”

நேராக நின்றேன். பன்னிரண்டு. பதின்மூன்று சொல்லும்முன் கால் தரையைத் தொட்டுவிட்டது.

தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். போய்விடலாமா என்று செருப்பைத் தேடினேன்.

“பன்னெண்டு” என்றாள். “நாளைக்கு சாப்டுட்டு வராத. வெறும் வயித்துல வா, இங்க சாப்புடலாம்.”

7 ஜூலை

பதின்மூன்று. அவள் கணக்கில் பன்னிரண்டரை.